சிம்பொனி பருவத்துக்கு டிக்கெட் எடுக்குமுன்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. "சிங்கப்பூர்லயே ஒரு சிம்பொனி குழு இருக்காமே, போகலாமா? போனா எதுக்குப் போறது?" முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: போகலாம். இரண்டாவதுக்குத்தான் இடம் வேண்டியிருக்கிறது. புதுப் பருவம் நெருங்கும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

குழுவைப் பற்றி நாலு வரி. சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவின் முதல் கச்சேரி 1979 ஜனவரி 24 அன்று, சூ ஹோய் தலைமையில், 41 கலைஞர்களோடு நடந்தது. பின்னால் நின்று தள்ளிவிட்டவர் கோ கெங் சுவீ. நிதி, தற்காப்பு என்று கணக்குப் பார்த்தே பழகிய அமைச்சர், சொந்தமாக ஒரு சிம்பொனி குழு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 2002இல் எஸ்பிளனேட் கலையரங்கம் திறந்ததும் பெரிய கச்சேரிகள் அங்கே போயின. பருவம் என்பது குழுவின் ஓராண்டுக் கச்சேரி வரிசை. ஜூலையில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுவில் முடியும். 2026 ஜூலையில் தொடங்குவதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: 2020 முதல் குழுவை நடத்திவந்த ஹான்ஸ் கிராஃப்புக்குப் பிறகு, பின்லாந்துக்காரர் ஹன்னு லிந்து இசை இயக்குநராக வரும் முதல் பருவம் அது. புது இயக்குநரின் முதல் வருடத்தில் குழுவினர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்பது என் எண்ணம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி விஷயம். என் மாமனார் கும்பகோணத்துக்காரர். மார்கழி பிறந்தால் சென்னையில் தங்கை வீட்டில் இறங்கி, காலையில் பாடிக்காட்டி விளக்கும் லெக்-டெம் தொடங்கி ராத்திரி மங்களம் வரை சபா சபாவாக அலைகிறவர். இங்கே வந்திருந்தபோது மேசையில் கிடந்த பருவப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மாப்ளே, அடுத்த மாசி மாசம் வெள்ளிக்கிழமை என்ன வாசிப்பான்னு இப்பவே அச்சடிச்சு வச்சிருக்கான்! நம்ம ஊர்ல மேடையேறி சுருதி சேர்க்கிற வரைக்கும் மெயின் தோடியா காம்போதியான்னு பாடறவருக்கே நிச்சயமிருக்காது."

அவர் கிண்டலாகச் சொன்னதுதான் இந்தப் பருவத்தின் பெரிய வசதி. என்ன உருப்படி, எந்த வரிசை, யார் வாசிக்கிறார், யார் நடத்துகிறார் எல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது மாதிரி. நம்மவர்கள் பெரும்பாலும் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. சுவரொட்டியில் இருக்கும் வயலின் கலைஞரின் படத்தைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறார்கள். அலுவலகத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்து, நாற்பது நிமிடம் ஓடும் ஒன்றை முதல் முறையாக அங்கேயே கேட்கிறார்கள். பாதியில் கண் சொருகுகிறது. "நமக்கு இது ஒத்து வராது" என்று வீட்டுக்குப் போகிறார்கள். ராகமே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து ராகம் தானம் பல்லவியில் உட்கார வைத்தால் அவருக்கும் அதே கதிதான்.

ஆகவே என் முதல் விதி: ஆளைப் பார்க்காதீர்கள், உருப்படியைப் பாருங்கள். பருவம் முழுவதற்கும் மூன்று அல்லது நான்கு கச்சேரி போதும். கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து அந்த மாலையின் பெரிய உருப்படியை மட்டும் ரயிலில் வரும்போதும் போகும்போதும் கேளுங்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லது. வரலாறு, வடிவ இலக்கணம், இசையமைப்பாளரின் காதல் தோல்வி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். எங்கே என்ன வரும் என்று மூன்று நான்கு அடையாளக் கற்கள் காதில் நின்றால் போதும்.

உதாரணத்துக்கு செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி. 1893இல் நியூயார்க்கில் முதலில் வாசிக்கப்பட்டது. நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. உலகத்தில் எந்தக் குழுவின் நிரலிலும் சில வருடங்களுக்கு ஒரு முறை வந்துவிடும். இதன் இரண்டாம் பகுதியில், பித்தளை வாத்தியங்கள் தாழ்ந்த குரலில் சில நீண்ட நாதங்களை விட்டபின், இங்கிலீஷ் ஹார்ன் தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். கபபா, கரிஸா. மோகனத்தின் சுரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் தாலாட்டுப் பாடுவது போலவே நம் காதுக்கு இருக்கும். முன்னாலேயே கேட்டு வைத்திருந்தால் அரங்கத்தில் கண் எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிடும். சீவாளி வைத்து ஊதும் ஓபோ என்ற குழல்காரர்கள் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் நீளமாக, நுனியில் பேரிக்காய் மாதிரி உப்பிய ஒரு குழலை ஒருவர் மடியில் வைத்திருப்பார். அதுதான் இங்கிலீஷ் ஹார்ன். முதல் பகுதி முடிந்ததும் அவர் அதன் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வார். அந்த நொடியிலிருந்து எனக்குப் படபடப்பு தொடங்கிவிடும். கேட்டுப் பழகாதவருக்கு அதே நொடி, யாரோ ஒருவர் எதையோ சரி செய்கிறார் என்பதோடு முடிந்துபோகும்.

நிரல் வரியைப் படிப்பதும் பெரிய வித்தையில்லை. வழக்கமான மாலை இப்படி இருக்கும்: தொடக்கத்தில் பத்து நிமிடச் சிற்றுருப்படி, அடுத்து பியானோவோ வயலினோ முன்னிற்கும் கான்செர்ட்டோ, இருபது நிமிட இடைவேளை, பிறகு சிம்பொனி. மொத்தம் இரண்டு மணி நேரம். சுவரொட்டியில் பெரிதாகப் போட்ட தனிக்கலைஞர் இடைவேளைக்கு முன்பே வாசித்து முடித்துவிடுவார். இது தெரியாமல், கல்யாணக் கச்சேரிக்கு வருவதுபோல் அரை மணி தாமதமாக வந்தால், யாருக்காகக் காசு கொடுத்தீர்களோ அவரை வெளியே உள்ள திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். கதவை மூடிவிட்டால் சரியான இடைவெளி வரும் வரை திறக்க மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை. நகர மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து நிலத்தடிக் கடைத்தெரு வழியாக நடந்து வருகிறவர்கள் வழியில் சாப்பிட நிற்காமல் வந்தாலே நல்லது.

முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாலர், புரூக்னர் என்று பெயர் பார்த்தால் பக்கத்தில் நிமிடம் எவ்வளவு என்று பாருங்கள். மாலரின் மூன்றாவது சிம்பொனி சுமார் நூறு நிமிடம் ஓடும். அதுவே முழுக் கச்சேரி, பல இடங்களில் இடைவேளையே விட மாட்டார்கள். அவருடைய முதல் சிம்பொனி வேறு கதை. ஐம்பது நிமிடச் சொச்சம். மூன்றாம் பகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த 'ஃப்ரேர் ஷாக்' மெட்டை, சோகச் சாயலில், டபுள் பேஸ் ஒற்றையாகத் தொடங்கிவைக்கும். என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து "அப்பா, இது எங்க பாட்டு" என்று கிசுகிசுத்தது அங்கேதான்.

ராவெலின் பொலெரோ நிரலில் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். 1928இல் எழுதியது, பதினைந்து நிமிடம்தான். மாமனாரை அதற்குத்தான் அழைத்துப் போனேன். ஒரு ஸ்னேர் டிரம், மூன்றெண்ணிக்கையில் ஒரே சொற்கட்டை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் வாசிக்கும். தொடக்கத்தில் குச்சிகள் தோலைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்புவதில்லை. ஓசை கேட்கிறதா, நாமாக நினைத்துக்கொள்கிறோமா என்று சந்தேகம் வரும். புல்லாங்குழல், கிளாரினெட், பசூன் என்று மெட்டு கை மாறிக்கொண்டே போகும். காலம் மாறாது, ஓசை மட்டும் படிப்படியாக ஏறும். மாமனார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தவர், டிராம்போன் முறை வந்தபோது போடுவதை நிறுத்திவிட்டு அந்த டிரம்காரரையே வெறித்துப் பார்த்தார். வெளியே வந்து, "மெட்டு பாடறவன் சுகமா பாடிட்டுப் போயிடறான். அந்தப் பையன்தான் பாவம், பதினஞ்சு நிமிஷம் ஓட்டம் புடிக்காம, பின்னால இழுக்காம..." என்று தலையை ஆட்டினார். மிருதங்கக்காரர்களை அறுபது வருடம் பார்த்தவரின் பாராட்டு அது. பக்கவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசையில் நுழைய நிறைய வாசல் இருக்கிறது. மெட்டை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எங்கே உட்காருவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. எஸ்பிளனேட் கச்சேரி மண்டபம் சுமார் 1,600 பேர் உட்காரும் நீள்சதுரப் பெட்டி. ரசல் ஜான்சன் ஒலி அமைப்பைப் பார்த்துக் கட்டியது. மேடைக்கு மேல் ஏற்றி இறக்கும் கூரைத் தட்டும், சுவர்களுக்குப் பின்னால் திறந்து மூடும் எதிரொலி அறைகளும் உண்டு. ஒலிபெருக்கியே இல்லாமல், மெல்ல வாசிக்கும் ஒற்றை வயலின் மேல்மாடிக் கடைசி வரிசைவரை வந்து சேரும். அதனால் கீழ்த்தளத்து முதல் சில வரிசைகளுக்கு அதிகக் காசு கொடுப்பதை நான் வீண் என்பேன். அங்கிருந்து முன்வரிசை வயலின்காரர்களின் காலணிகளை நன்றாகப் பார்க்கலாம். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் புல்லாங்குழல், ஓபோ போன்ற மரக்காற்று வாத்தியக்காரர்கள் தலைகூடத் தெரியாது. மேல்மாடியின் மலிவான இருக்கையில் மொத்தக் குழுவும் வரைபடம்போல் விரிந்து கிடக்கும், ஒலியும் கலந்து வரும். விதிவிலக்கு பியானோ கான்செர்ட்டோ. விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையைப் பார்த்து இடது பக்கம் எடுங்கள். சில நாள்களில் மேடைக்குப் பின்னால், பாடகர் குழு உட்காரும் வரிசைகளையும் விற்பார்கள். நடத்துநரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அதைவிட்டால் வேறு இடமில்லை. பாடகரோ பியானோவோ முன்னிற்கும் இரவில் மட்டும் அங்கே வேண்டாம். அவர்கள் குரல் எதிர்ப்பக்கம் போய்விடும்.

மேலே உட்கார்ந்தால் பார்க்கக் கிடைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் ஏராளம். எனக்குப் பிடித்தது டிம்பனி என்ற பெரிய முரசுகளை வாசிப்பவர். மற்ற எல்லோரும் முழங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து காதைத் தோலுக்குக் கிட்டக் கொண்டுபோய், விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, காலால் பெடலை அழுத்தி அடுத்த சுரத்துக்கு ஏற்றுவார். இத்தனை சத்தத்துக்கு நடுவில் சுருதி சேர்ப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே தாளைப் பகிர்ந்திருப்பார்கள். உள்பக்கம் இருப்பவர்தான் வில்லை நிறுத்திப் பக்கம் புரட்டுவார். வெளிப்பக்கத்தவர் விடாமல் வாசிப்பார்.

கைதட்டல் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை என்பது வழக்கம், அவ்வளவுதான். தட்டினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. சாய்கோவ்ஸ்கியின் ஆறாவதில் மூன்றாம் பகுதி வெற்றி முழக்கமாக முடியும். அரங்கமே எழுந்து நிற்கத் தயாராகும். அதற்குப் பிறகுதான் நான்காவது, மெல்லத் தேய்ந்து அடங்கும் பகுதி இருக்கிறது. சிபெலியஸின் ஐந்தாவதோ ஆறு தனித்தனி முழக்கங்களோடு முடிகிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறும் நிசப்தம். இரண்டாவதிலேயே யாராவது ஒருவர் "பிராவோ" என்று தொடங்கிவிட்டு நாற்காலியில் புதைந்துபோவார். சிபெலியஸும் புது இயக்குநரும் பின்லாந்துக்காரர்கள் என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நடத்துநர் கையைக் கீழே விட்டு நம் பக்கம் திரும்பும் வரை பொறுத்திருந்தால் எந்தப் பொறியிலும் மாட்ட மாட்டீர்கள். நல்ல இடத்தில் "ஆஹா" சொல்ல முடியாமல் இரண்டு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது நமக்குக் கஷ்டம்தான். மாமனார் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

உடை விதி எதுவும் கிடையாது. ஜீன்ஸ் போட்டவரும் கோட்டு போட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பட்டுப்புடவையில் வருகிற பெண்கள் கண்ணாடி வளையலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மெல்லிய இடத்தில் ஒருவர் தலைமுடியை ஒதுக்கினால் நாலு வரிசைக்குக் கேட்கும். ஏர்கான் எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை அவசியம். இருமல் மிட்டாயின் காகிதத்தை இசை தொடங்குமுன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரகசியமாகப் பிரிக்கிறேன் என்று நிமிடக்கணக்கில் சரசரக்கிறவர்களைப் போல எரிச்சலூட்டும் பிறவி வேறில்லை.

காசு விஷயம். மலிவான இருக்கைகள் பெரும்பாலும் இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குள் வந்துவிடும். மாணவர், மூத்தோர் சலுகைகளும், பல கச்சேரிகளைச் சேர்த்து எடுத்தால் தள்ளுபடியும் உண்டு. சேர்த்து எடுக்கும்போது ஒரு விஷயம்: தள்ளுபடி கூடுகிறதே என்று எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கேட்டுப் பழக நேரமில்லாத கச்சேரி, எத்தனை மலிவாக வந்தாலும் அலமாரியில் தூங்கும் புடவைதான். சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்தால், கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவழிக்க அரசு தரும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் தொகையை மறந்துவிடாதீர்கள். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 100 வெள்ளி தரப்பட்டிருக்கிறது. 2028 கடைசிவரை செல்லும். டிக்கெட்டைக் குழுவின் சொந்த இணையதளத்திலிருந்து தொடங்கி வாங்குங்கள். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது மறுவிற்பனைத் தளமாக இருக்கலாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அப்படி ஒரு தளத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினார். அரங்கத்துக்குள் போனால் அந்தப் பக்கம் பாதி காலி.

விக்டோரியா கச்சேரி மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். 1905இல் திறந்த கட்டடம், புதுப்பித்து 2014இல் மறுபடி திறந்தது. 673 பேர்தான் உட்காரலாம். மொசார்ட், ஹைடன் காலத்துச் சிறு குழு இசைக்கு அந்த அளவுதான் பொருத்தம். வில் கம்பியைத் தொடும் உரசல்கூடக் காதில் விழும். தாவரவியல் பூங்காவில் நடக்கும் இலவசக் கச்சேரிகளுக்கும் போகலாம், பாயும் கொசு மருந்தும் குடையும் புளிச்சாதமும் எடுத்துக்கொண்டு. இனிமையான மாலையாக இருக்கும். ஆனால் அங்கே கேட்பது ஒலிபெருக்கி வழியாக வருவது. அதைக் கேட்டுவிட்டு சிம்பொனி குழுவின் நாதம் இவ்வளவுதானா என்று முடிவுகட்ட வேண்டாம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, வழக்கமான கச்சேரிகளில் ஆறு வயதுக்குக் கீழே அனுமதியில்லை. சின்னஞ்சிறுசுகளுக்கென்று தனி நிகழ்ச்சிகள் இருக்கின்றன, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆறு வயதானவுடனே இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட முடியும் என்றும் நினைக்காதீர்கள். என் மகளை முதலில் கூட்டிப்போனபோது இடைவேளையோடு எழுந்துவிடுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். கான்செர்ட்டோவைக் கேட்டாள், ஐஸ்கிரீம் சாப்பிட்டாள், ஆற்றோரமாக நடந்து ரயிலேறிவிட்டோம்.

இந்த ஏற்பாடு பெரியவர்களுக்கும் நன்றாகவே ஒத்து வருகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலை இருக்கும் இரவுகளில் நானும் அப்படித்தான். எதற்காக வந்தேனோ அது முதல் பாதியிலேயே முடிந்துவிட்டால், இடைவேளையில் எழுந்து வந்துவிடுகிறேன்.